நஞ்சுக்கொடிக்கு ஐந்து மதிப்பெண்

நாரின் நகரத்து மருத்துவக் கல்லூரியில் எலும்பு என்றால் ஜிபார் அக்காதான். இருபத்தாறு வருடமாக உடற்கூறும் கருவளர்ச்சியும் அவள் கையில். மருத்துவக் கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டாக்டர் படிப்பெல்லாம் தலைநகர் பிஷ்கெக்கில். இங்கே தயாராகிறவர்கள் செவிலியர்கள், மருத்துவச்சிகள், டாக்டர் எட்டிப் பார்க்காத மலைக் கிராமங்களுக்குப் பெட்டியும் கையுமாகப் போகிற உதவி வைத்தியர்கள். முக்கால்வாசிப் பேர் ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள்.

ஜிபாரும் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்தான். அறுவைச் சிகிச்சை டாக்டராக வேண்டும் என்று பிஷ்கெக் போனாள். நுழைவுத் தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தது. உயிரியல் ஆசிரியர் படிப்பில் இடம் கிடைத்தது. கத்தியைப் பிடிக்க ஆசைப்பட்டவள் சாக்கட்டியைப் பிடித்தாள். அந்த ஏக்கம் அவளுக்குப் போகவே இல்லை. பிண அறைக்கு அழைத்தால் போவாள், கண்ணாடி ஜாடிகளைக் குழந்தை மாதிரி துடைத்து வைப்பாள், ஆனால் நோயாளி படுத்திருக்கிற அறைக்குள் வேலையாக அவள் ஒருநாளும் போனதில்லை. அதை யாரும் கேட்டதும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ரஷ்யப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தொண்டை வற்றக் கத்தினாள். வகுப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் முன்வரிசைப் பையனைக் கேட்டாள்: "உன் வீட்டு விருந்துல ஆட்டை யாருடா பங்கு போடுறது?" "நான்தான் அக்கா" என்றான். "போடு பாப்போம்" என்றாள். அவன் எழுந்து, இடுப்பெலும்பு பெரியவருக்கு, வால் பக்கத்து எலும்பு மூத்த பாட்டிக்கு, தொடையெலும்பு இன்னாருக்கு, தோள்பட்டை இன்னாருக்கு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எங்கள் ஊரில் இதில் ஒன்று மாறினால் சம்பந்தி வீட்டார் பத்து வருடம் முகம் திருப்பிக்கொள்வார்கள். அதனால் எலும்பு எல்லாருக்கும் மனப்பாடம். அன்றையிலிருந்து ஜிபாரின் வகுப்பில் முதலில் ஆடு, பிறகுதான் மனிதன்.

அது நன்றாகவே வேலை செய்தது. அடுத்த வருடமே தேர்ச்சி இரட்டிப்பானது. தொந்தரவு ஒன்றே ஒன்றுதான்: வருடா வருடம் தேர்வில் யாராவது ஒருவன் மனிதனுக்குப் பதின்மூன்று ஜோடி விலா எலும்பு என்று எழுதிவைப்பான். ஆட்டுக்குத்தான் பதின்மூன்று, நமக்குப் பன்னிரண்டு. "உங்க அப்பனுக்குப் பதிமூணு இருந்தா கூட்டிட்டு வா, ஜாடியில போட்டு வைக்கிறேன்" என்பாள். வகுப்பு சிரிக்கும். அப்படி எழுதியவர்களில் ஒருவன் எசென்பெக். இன்றைக்கு அவன்தான் கல்லூரியின் இயக்குநர்.

நன்றாகத்தான் நடத்தினாள், ஆனால் குறுக்கே யாராவது பேசினால் அவளுக்குப் பிடிக்காது. கனத்த உடம்பு, அகலமான கை, கணீரென்ற குரல். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டுப் புருவத்தை உயர்த்தினால் வகுப்பு பேனாவை எடுக்கும். அது தன் மேல் உள்ள மரியாதை என்று அவள் நம்பினாள். மரியாதைதான், இல்லையென்று சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை எசென்பெக் அவளைத் தன் அறைக்கு அழைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். இயக்குநர் தன் கையால் தேநீர் ஊற்றுகிறான் என்றால் விஷயம் நல்லதாக இருக்காது.

"அக்கா, சைகலை ஞாபகம் இருக்கா?"

"எந்த சைகல்? அட்-பாஷி ஊர்ப் பொண்ணா? நோட்டை அச்சடிச்ச மாதிரி எழுதுவாளே?"

"அவளேதான்."

சைகல் ஐந்து வருடத்துக்கு முன் படித்துப் போன பெண். மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு மலைக் கிராமத்தில் அவள் ஒருத்திதான் மருத்துவச்சி. போன மாதம் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் பார்த்தாள். குழந்தை நன்றாகப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் வெளியே வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. ஒரு துண்டு கருப்பைக்குள் தங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் மெத்தை முழுக்க ரத்தம். கணவன் பழைய ஜீப்பில் போட்டுக்கொண்டு கணவாயைத் தாண்டிப் பறந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு நாடி கிடைக்கவில்லையாம்.

"உயிர் இருக்கா?" என்றாள் ஜிபார்.

"இருக்கு. மயிரிழைதான். வியாழக்கிழமை பிஷ்கெக்லேர்ந்து விசாரணைக் குழு வருது. நஞ்சுக்கொடிப் பாடம் நடத்தினீங்களான்னு நம்மள கேப்பாங்க." அவன் பதிவேட்டைத் திருப்பி விரலை வைத்தான். "இந்தாங்க. நஞ்சுக்கொடி, ரெண்டு மணி நேரம், உங்க கையெழுத்து. நமக்கு ஒண்ணும் கவலையில்ல அக்கா. அவளே எழுதிக் குடுத்துட்டா."

வாக்குமூலத்தின் நகல் இரண்டே வரி. 'நஞ்சுக்கொடியை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டேன்.'

"இதுக்கு என்ன பண்ணுவாங்க?"

"சான்றிதழைப் பறிப்பாங்க. பார்க்கவே இல்லன்னு சொல்றவளை வேற என்ன பண்றது?"

ஜிபாருக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைப்பதில் பயனில்லை. தன் தலை தப்பியது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. படி இறங்கும்போதுதான் அந்த இரண்டு வரி உறுத்தத் தொடங்கியது. சரியாகப் பார்க்கவில்லையா? எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, முதுகெலும்பு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணி, மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் ஜாடி முன்னால் நிற்கிற பெண் அவள்.

சைகல் நகரத்தின் ஓரத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஜிபார் போனபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்து குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். ஜிபார் அக்காவைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே கூட்டிப்போய் விரிப்பில் உட்காரவைத்து, ரொட்டி, ஜாம், மாவை வெட்டிப் பொரித்த போர்சோக் எல்லாம் பரப்பினாள். முகத்தை மட்டும் காட்டவில்லை.

"சாப்பிட வரல" என்றாள் ஜிபார். "பார்க்கலைன்னு எழுதியிருக்கியே, நீ பார்க்காம விடுற ஆளா?"

"தேநீர் ஆறுது அக்கா."

"ஆறட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மறந்துட்டேன் அக்கா. அவ்ளோதான்."

"பொய் சொல்லத் தெரியல உனக்கு. உன் நோட்டு எங்க? கருவளர்ச்சி நோட்டு."

சைகல் நகரவில்லை. "தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். அதற்குள் சித்தி, பாவம், உபகாரம் செய்கிற நினைப்பில், "அலமாரியிலதானடி வச்சிருக்க, தினம் எடுத்துப் பார்த்துட்டுத்தானே இருக்க" என்று நோட்டைக் கொண்டுவந்து ஜிபார் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அச்சடித்த எழுத்து. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வண்ணம். நஞ்சுக்கொடிப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது, அந்த அளவுக்குப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு பை, அதன் மேல் சட்டைப் பொத்தான் பொத்தானாகச் சிதறிய சிவப்பு வட்டங்கள். கீழே ஒரு குறிப்பு: 'பொத்தான்களில் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். இரண்டு மூன்று நாளில் தானே விழுந்துவிடும். இழுக்கக் கூடாது.' அதற்கும் கீழே சிவப்பு மையில் ஐந்து. எங்கள் ஊரில் ஐந்துக்கு மேல் மதிப்பெண் கிடையாது. பக்கத்தில் 'மிக அழகு' என்று எழுதி ஒரு கையெழுத்து.

கையெழுத்து ஜிபாருடையது. படம் செம்மறியாட்டினுடையது.

ஆட்டுக்கு நஞ்சுக்கொடி அப்படித்தான், பொத்தான் பொத்தானாக ஒட்டியிருக்கும். தாய்ப் பக்கத்துப் பகுதி உள்ளேயே தங்கி உதிரும், அதனால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. மனிதனுக்கு அது ஒரே தட்டு, அடை மாதிரி. அதில் ஒரு விள்ளல் உள்ளே தங்கினாலும் ரத்தம் நிற்காது.

அந்த வசந்தம் அவளுக்கு இப்போது முழுதாக ஞாபகம் வந்தது. புது விதி ஏதோ வந்து பிரசவ விடுதியிலிருந்து நஞ்சுக்கொடி தர மாட்டோம் என்றுவிட்டார்கள். குட்டி போடுகிற பருவம். தம்பி வீட்டுக் கொட்டிலில் இருந்து ஒரு வாளியில் ஆட்டினுடையதைக் கொண்டுவந்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள், அவளுக்கும் உற்சாகம் தலைக்கேறியது, மணி அடிக்கும் வரை ஆட்டைப் பற்றியே பேசினாள். "மனுஷன் அடுத்த வகுப்புல" என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொன்னாளா என்பது ஞாபகமில்லை. அடுத்த வகுப்பு நூருஸ் பண்டிகை விடுமுறையில் போனது. அதற்கடுத்த வாரம் கொதிகலன் வெடித்துக் கல்லூரியை மூடினார்கள். பதிவேட்டில் இரண்டு மணி நேரத்துக்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தாள், எல்லாரும் போடுகிற மாதிரி. பிறகு ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு பதினெட்டு நோட்டு திருத்தினாள். எழுத்தைப் படிக்கவில்லை, படத்தின் அழகைப் பார்த்து மதிப்பெண் போட்டாள்.

"சொல்லு" என்றாள் ஜிபார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"பார்த்தேன் அக்கா." சைகல் விரிப்பின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் பார்த்தேன். ஓரத்துல ஒரு வால்நட் அளவு குறைஞ்சிருந்துச்சு. ஒண்ணு உள்ள தங்கிருச்சுன்னு தெரிஞ்சுது. ரெண்டு நாள்ல தானா விழும், பயப்படாதேன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். அவ தலையாட்டினா. என்னை அப்படி நம்பினா அக்கா."

"அப்புறம் ஏன் மறந்துட்டேன்னு எழுதின?"

"வேற என்ன எழுதுறது? உங்க பேரையா எழுதுறது?"

ஜிபார் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சைகல் வாசல் வரை பின்னாலேயே வந்து, "குடுத்துட்டுப் போங்க அக்கா, அது என்னோடது" என்று கெஞ்சினாள். அவள் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். அதே தப்பைச் சுமந்துகொண்டு இன்னும் பதினேழு பேர் மலைகளில் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் பழைய வகுப்புப் பட்டியலை எடுத்து எண்களைத் தேடினாள். முதலில் கிடைத்தவள் பெர்மெத், சைகலோடு படித்தவள். வளவளவென்று பேசுகிறவள்.

"அந்தப் பொத்தான் படமா அக்கா? பயிற்சிக்குப் போன ரெண்டாம் நாளே கிழிச்சுட்டேன். அங்க இருந்த பெரியம்மா காதைத் திருகி, 'நீ ஆட்டுக்குப் பிரசவம் பார்க்க வந்தியா, மனுஷிக்கா'ன்னு கேட்டாங்க. விடுதியில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். அஞ்சு வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு அக்கா?"

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்ககிட்டயா?" என்றாள் பெர்மெத். "உங்ககிட்ட வந்து, அக்கா நீங்க சொன்னது தப்புன்னா? எப்படி அக்கா?"

"சைகல்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"அவளுக்கு வேற ஊர்ல பயிற்சி விழுந்துச்சு. அங்க அவளைத் தரை துடைக்கத்தான் விட்டாங்களாம். அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம். ஏன் அக்கா, என்ன ஆச்சு?"

ஜிபார் பதினேழு பேரையும் கூப்பிட்டாள். நான்கு பேர் தொழிலையே விட்டிருந்தார்கள், ஒருத்தி மாஸ்கோவில் செருப்புக் கடையில் இருந்தாள். அவளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எல்லாரும் அன்பாகப் பேசினார்கள், கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முகத்துக்கு நேரே ஒருத்தி சிரித்திருந்தால்கூட, அன்றைக்கே சைகல் நோட்டு திருத்தப்பட்டிருக்கும். தான் புருவத்தை உயர்த்தி உயர்த்திச் சேர்த்துவைத்த மரியாதை ஒரு பெண்ணைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய்விட்டிருக்கிறது. பாட ஜாடிகள் வைத்திருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவி பிஷ்கெக்கிலிருந்து வந்த ஒல்லியான அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சைகல் மூலையில் ஒரு நாற்காலியில். எசென்பெக் பதிவேட்டை விரித்து அழகாகப் பேசினான். கல்லூரி தன் கடமையைச் செய்தது, மாணவி கவனக்குறைவாக இருந்தாள், வருந்துகிறோம். ஜிபார் எழுந்தாள்.

"அக்கா, உக்காருங்க" என்றான் எசென்பெக் வாய்க்குள்.

"நீ உக்காரு தம்பி" என்று சொல்லிவிட்டு நோட்டைத் தலைவியின் முன்னால் பிரித்து வைத்தாள்.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். படத்தை, குறிப்பை, சிவப்பு மையை. "இது ஆடு" என்றாள்.

"ஆமா."

"இந்தக் கையெழுத்து?"

"என்னோடது. அஞ்சும் என்னோடதுதான்."

"பதிவேட்டுல ரெண்டு மணி நேரம்னு இருக்கே?"

"அதுல ஒரு மணி நேரம் பொய். மனுஷனோடதை நான் நடத்தவே இல்ல. இந்தப் பொண்ணு பார்க்காம விடல. பார்த்தா, நான் சொன்ன மாதிரியே செஞ்சா. மறந்துட்டேன்னு எழுதினது எனக்காக."

"பயிற்சியில கத்துக்கிட்டிருக்கலாமே?"

"தரை துடைக்கக் கத்துக்கிட்டாளாம். அதையும் எழுதிக்குங்க."

எசென்பெக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மூலையில் சைகல் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று மாலைக்குள் முடிவு எழுதினார்கள். சைகலின் சான்றிதழைப் பறிக்கவில்லை, நகரத்துப் பிரசவ விடுதியில் மூன்று மாதம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். ஜிபாருக்குக் கடும் எச்சரிக்கை. மருத்துவச்சி வகுப்பு இனி அவளுக்குக் கிடையாது.

"நானும் அந்த மூணு மாசம் அங்க போறேன்" என்றாள் ஜிபார்.

"உங்க வயசுலயா?" என்றாள் தலைவி.

"என் வயசுல ஒரு தடவைகூட சூடான நஞ்சுக்கொடியைக் கையில பிடிச்சதில்ல. ஜாடியில ஊறினதைத்தான் பார்த்திருக்கேன். இதையும் எழுதிக்குங்க."

தலைவி அதை எழுதவில்லை. ஆனால் சம்மதித்தாள்.

பிரசவ விடுதியின் மூத்த மருத்துவச்சி கான்ஷாயிம். ஐம்பத்தெட்டு வயது, கடுகடு முகம், பேச்சில் உப்பு தூக்கல். "வாங்க, ஆட்டு டாக்டர்" என்றுதான் முதல்நாள் வரவேற்றாள். ஜிபார் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது? வாரத்தில் மூன்று காலை, கல்லூரி மணிக்கு முன், வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். சைகல் பக்கத்தில் நிற்பாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கு ஏன் எல்லாவற்றையும் போட்டு உடைத்தீர்கள் என்ற கோபம் சைகலுக்கு இன்னும் இருந்தது. தன் அக்கா மூன்று அந்நியர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு தபால்காரி பெண் குழந்தை பெற்றாள். பால் காய்ச்சும் நேரத்துக்குள் நஞ்சுக்கொடியும் வந்தது. கான்ஷாயிம் அதைத் தட்டில் எடுத்து ஜிபார் முன்னால் வைத்தாள். "இன்னிக்கு நீங்க பாருங்க. பார்த்துச் சொல்லுங்க."

ஜிபார் கையுறையோடு தொட்டாள். சூடாக இருந்தது, கனமாக இருந்தது, உயிருள்ளது போலவே இருந்தது. ஜாடியில் சாம்பல் நிறமாகக் கிடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நஞ்சுக்கொடியைத் திருப்பி, அதில் பிரிந்து தெரியும் மடல்களில் ஒவ்வொன்றாக விரலை ஓட்டி எண்ணினாள். விளிம்பைச் சுற்றி வந்தாள். எங்கும் குழியில்லை, கிழிசலில்லை. இரண்டாம் முறையும் எண்ணினாள்.

"முழுசா இருக்கு" என்றாள், வகுப்பில் சொல்கிற அதே கணீர்க் குரலில்.

கான்ஷாயிம் தாயின் வயிற்றில் கைவைத்தபடி திரும்பாமல் நின்றாள். சைகல் தட்டைப் பார்த்தாள். பிறகு ஜிபாரைப் பார்த்தாள். ஜிபாரின் புருவம், இருபத்தாறு வருடப் பழக்கத்தில், உயர்ந்தே இருந்தது.

"இல்ல அக்கா" என்றாள் சைகல்.

யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள். "இல்ல. முழுசா இல்ல. நீங்க சொல்றது தப்பு. மடலெல்லாம் சரியாத்தான் இருக்கு, தோலைப் பாருங்க." நஞ்சுக்கொடியோடு ஒட்டியிருந்த மெல்லிய சவ்வைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நஞ்சுக்கொடியின் விளிம்பைத் தாண்டி ஒரு ரத்தக்குழாய் சவ்வில் ஓடி, ஒரு ஓட்டையின் ஓரத்தில் அறுந்து நின்றது. "இந்தக் குழாய் எங்கயோ போகுது. அங்க தனியா இன்னொரு சின்ன மடல் இருந்திருக்கு. அது உள்ள இருக்கு."

கான்ஷாயிம் ஒரே எட்டில் வந்து பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு ஜிபாருக்கு அங்கே வேலையில்லை, சுவரோரம் ஒதுங்கி நின்றாள். ரத்தம் வரத் தொடங்குவதற்குள் டாக்டர் அந்தத் துண்டை எடுத்துவிட்டார், ஒரு சின்ன எலுமிச்சை அளவு. தபால்காரி என்ன நடந்தது என்றே தெரியாமல், குழந்தைக்கு யார் ஜாடை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கை கழுவுகிற இடத்தில் சைகல் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். கையைத் தண்ணீருக்குள் நீட்டவே இல்லை.

"மன்னிச்சிருங்க அக்கா. எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

ஜிபார் அந்தக் கையைத் தன் அகலமான கைக்குள் பிடித்துத் தண்ணீருக்கு அடியில் வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"முதல் தடவை சொன்னது எனக்குச் சரியா காதுல விழலடி" என்றாள். "அடுத்த தடவை கத்திச் சொல்லு."